நின்றுபோனவர்களின் பட்டியல்

பெரம்பலூர்
9.2.1998

மதிப்பிற்குரிய திரு. திருமுருகன் அவர்களுக்கு,

வணக்கம். தாங்கள் புனேயில் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். எங்கள் வீட்டில் யாருக்கும் ஒரு குறையும் இல்லை. வாலிகண்டபுரம் முத்துசாமி மகள் புவனேஸ்வரி என்றால் தெரியும் என்று நினைக்கிறேன். தங்கள் தாய்மாமன் மகள்.

மூன்று வருடமாக நான் பெரம்பலூரில் ஒரு தொண்டு நிறுவனத்தில் வேலை பார்க்கிறேன். குன்னம், வாலிகண்டபுரம் பக்கம் பன்னிரண்டு ஊர்களில் மாலைப் பள்ளி நடத்துகிறோம். பருத்தி எடுக்கவும் வெங்காயம் அறுக்கவும் போய்ப் படிப்பில் பின்தங்கிவிடுகிற பிள்ளைகளுக்கு, அந்தந்த ஊரிலேயே பிளஸ் டூ முடித்த பெண்கள் சாயந்திரம் இரண்டு மணி நேரம் பாடம் சொல்லித் தருகிறார்கள். இதற்கு உதவி செய்கிற டெல்லிக்காரர்கள், "பள்ளியால் என்ன பயன், அதை எப்படி அளப்பீர்கள் என்று ஒரு திட்டம் எழுதி அனுப்புங்கள். இல்லாவிட்டால் அடுத்த வருடம் கிடையாது" என்று சொல்லிவிட்டார்கள். எங்கள் செயலாளர் வேணுகோபால் சார் அந்தப் பொறுப்பை என் தலையில் கட்டிவிட்டார்.

340 பிள்ளைகளுக்கும் ஒரே பரீட்சை வைத்து, சராசரி மார்க் போட்டு அனுப்பலாம் என்பது என் யோசனை. இந்த மாதிரித் திட்டங்களை மதிப்பிடுகிறவர்கள் என்று ஒரு கூட்டத்தில் கொடுத்த புத்தகத்தில் தங்கள் பெயரைப் பார்த்தேன். அதனால்தான் எழுதுகிறேன். வேறொன்றும் இல்லை.

உடம்பைப் பார்த்துக்கொள்ளவும்.

இப்படிக்கு,
மு. புவனேஸ்வரி


புனே
2.3.1998

அன்புள்ள புவனாவுக்கு,

நான் சுகம். மாமா, அத்தை, உன் அண்ணன் ராஜராஜன் எல்லாரும் சுகம் என்று தெரிந்து சந்தோஷம். "மதிப்பிற்குரிய" என்று இருந்ததால் ஏதோ ஆபீஸ் கடிதம் என்று ஓரமாக வைத்துவிட்டேன். கையெழுத்தைப் பார்த்த பிறகு எடுத்தேன். இரண்டு தடவை படித்தேன்.

உன் யோசனையில் ஒரு ஓட்டை இருக்கிறது. பரீட்சை எழுத யார் வருவார்கள்? பள்ளிக்கு வருகிற பிள்ளை வரும். நின்றுபோன பிள்ளை வராது. நன்றாகப் போகிறவர்களை மட்டும் உட்கார வைத்து மார்க் போட்டால் எந்தப் பள்ளியும் நல்ல பள்ளிதான். அதனால் முதலில் வருகைப் பதிவேட்டை எடு. யார் வந்தார்கள், யார் எந்த மாதத்தோடு நின்றார்கள் என்று ஒரு பட்டியல் போடு. படிக்கத் தெரிகிறதா என்று சோதிக்கப் பாடப்புத்தகமும் வேண்டாம். அதை மனப்பாடம் செய்திருப்பார்கள். வீட்டில் கிடக்கும் உரமூட்டையின் மேல் அச்சடித்திருப்பதைப் படிக்கச் சொல்.

அந்தப் பக்கம் இந்த வருடம் மழை பரவாயில்லையா? வெயிலில் அலையும்போது தலைக்கு எதையாவது போட்டுக்கொள்.

அன்புடன்,
திருமுருகன்


பெரம்பலூர்
16.3.1998

அன்புள்ள அத்தானுக்கு,

உங்கள் கடிதம் கண்டேன். எனக்குத் தலைவலிகூட இல்லை, நீங்களும் நோய் நொடி இல்லாமல் இருக்க வேண்டும். "மதிப்பிற்குரிய" பிடிக்கவில்லை என்று தெரிந்ததால் மாற்றிவிட்டேன். இரண்டு தடவை படித்தீர்களாமே. அவ்வளவு மோசமாகவா எழுதியிருந்தேன்?

பட்டியல் போட்டாகிவிட்டது. மூன்று வருடத்தில் எழுபத்தொரு பிள்ளைகள் நின்றிருக்கிறார்கள். பதிவேட்டில் அவர்கள் பெயருக்கு நேரே சிவப்பு மையில் ஒரு கோடு போட்டிருக்கிறோம், அவ்வளவுதான். ஏன் நின்றாய் என்று யாரையும் நாங்கள் கேட்டதில்லை. எனக்கே வெட்கமாக இருந்தது.

வேணுகோபால் சாரிடம் உங்களைப் பற்றிச் சொன்னேன். "அவரையே வரச் சொல்லும்மா, ஒரு பத்து நாள் இங்க தங்கி அவரே பார்த்து எழுதட்டும்" என்கிறார். டெல்லிக்காரர்களும் வெளியிலிருந்து ஒருவர் வந்து பார்த்தால் நல்லது என்கிறார்கள். எப்போது வருவீர்கள் என்று எழுதுங்கள். மே மாதம் வேண்டாம், வெயில் தாங்காது. ஜூன் நன்றாக இருக்கும். ஜூலையும் நன்றாகத்தான் இருக்கும்.

பதிலை ஆபீஸ் விலாசத்துக்கே போடுங்கள்.

புவனா


புனே
4.5.1998

அன்புள்ள புவனாவுக்கு,

பதில் தாமதமாகிவிட்டது. காய்ச்சல் இல்லை, வெளியூரும் போகவில்லை. யோசித்துக்கொண்டிருந்தேன்.

நான் வருவது முறையாக இருக்காது. மதிப்பிட வருகிறவர் அந்த நிறுவனத்தில் யாருக்கும் உறவாக இருக்கக் கூடாது என்பது எங்கள் தொழிலில் ஒரு விதி. உறவுக்காரன் எழுதும் அறிக்கையை யாரும் நம்ப மாட்டார்கள். எனக்குத் தெரிந்த ஒருவர் கோயம்புத்தூரில் இருக்கிறார், கெட்டிக்காரர். விலாசம் கீழே எழுதியிருக்கிறேன்.

நின்றுபோன பிள்ளைகளின் வீட்டுக்குப் போய்க் கேட்பதற்கு ஒரு படிவம் இத்துடன் வைத்திருக்கிறேன். நான்கே கேள்விகள். எப்போது நின்றாய், ஏன் நின்றாய், நின்ற பிறகு என்ன செய்தாய், திரும்ப வர என்ன வேண்டும்? கேட்டுவிட்டு நீயே பதிலை எடுத்துக் கொடுக்காதே. உனக்கு அந்தப் பழக்கம் உண்டு. வாயை மூடிக்கொண்டு இரு, அவர்களே சொல்வார்கள்.

மாமாவுக்கு முட்டிவலி எப்படி இருக்கிறது?

திருமுருகன்


பெரம்பலூர்
13.5.1998

அத்தானுக்கு,

அப்பாவின் முட்டிவலியை அப்பாவிடமே கேளுங்கள். என் உடம்புக்கு ஒன்றும் இல்லை, மனசுதான் சரியில்லை.

உறவா? எந்த உறவு? ஏழு வருடமாக எங்கள் வீட்டு வாசலில் கால் வைக்காதவருக்கு, ஒரு பொங்கலுக்குக்கூட நாலு வரி எழுதாதவருக்கு, நான் கூப்பிட்ட உடனே உறவு ஞாபகம் வந்துவிட்டதா?

ராஜராஜன் அண்ணன் கல்யாணப் பத்திரிகையை அப்பா தபாலில் அனுப்பியது தப்பு. பெரிய தப்பு. கூடப் பிறந்த அக்கா வீட்டுக்குத்தான் முதல் பத்திரிகை, அதுவும் வெற்றிலை பாக்குத் தட்டோடு நேரில் போய் வைக்க வேண்டியது. ஊரெல்லாம் அலைந்து வைத்தவர், "நம்ம அக்காதானே, அது ஒண்ணும் நெனச்சுக்காது" என்று கடைசியில் ஜெயங்கொண்டத்துக்குத் தபாலில் போட்டுவிட்டார். அத்தை நினைத்துக்கொண்டது. உங்கள் வீட்டிலிருந்து ஒருவர்கூட வராமல் கல்யாணம் நடந்தது. எல்லாம் சரி. ஆனால் அந்தத் தபாலுக்கும் நமக்கும் என்ன? காலேஜ் லீவு நாளெல்லாம் எங்கள் வீட்டில் சாப்பிட்டு, எனக்குக் கணக்குச் சொல்லித் தந்து, "இவளைக் கட்டிக்கிட்டு எப்படித்தான் சமாளிக்கப் போறேனோ" என்று அம்மாவிடம் சொல்லிச் சிரித்தவரை அன்றிலிருந்து காணோம். எனக்கு அப்போது இருபது வயது. இப்போது இருபத்தேழு.

கோயம்புத்தூர்க்காரர் விலாசத்தை வேணுகோபால் சாரிடம் கொடுத்துவிட்டேன். படிவம் நன்றாக இருக்கிறது. நன்றி.

புவனேஸ்வரி


புனே
8.6.1998

அன்புள்ள புவனா,

நீ சுகமாக இருக்க வேண்டும். நீ திட்டியதெல்லாம் நியாயம்தான்.

ஒன்று மட்டும் சொல்கிறேன். மாமா ஒரு தடவை ஜெயங்கொண்டம் வந்து "வாக்கா" என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அம்மா அன்றைக்கே பஸ் ஏறியிருக்கும். அம்மாவைக் கூப்பிடாத வீட்டுக்குள் நான் மட்டும் எப்படிப் போவது? நான் போனால் அம்மாவை விட்டுக்கொடுத்த மாதிரி ஆகாதா? இதை எத்தனையோ விதமாகக் கூட்டிக் கழித்துப் பார்த்துவிட்டேன். விடை மாறவில்லை.

உன் கடிதம் வந்த அன்று என்னால் ஆபீஸில் வேலை பார்க்க முடியவில்லை. எழுதுவதை நிறுத்திவிடாதே. வீடு வீடாகப் போய் என்ன கேட்டாய் என்று எழுது.

திருமுருகன்


பெரம்பலூர்
27.8.1998

அன்புள்ள அத்தானுக்கு,

உங்கள் ஊரில் மழை விடாமல் பெய்கிறது என்று பேப்பரில் படித்தேன். நனையாமல் இருங்கள். எனக்கு நடந்து நடந்து கால் வீங்கியதைத் தவிர வேறு கேடு இல்லை.

எழுபத்தொரு வீட்டுக்கும் போய்வந்துவிட்டேன். காட்டு வேலை, தம்பி தங்கையைப் பார்த்துக்கொள்வது, வயசுக்கு வந்துவிட்டாள் என்று இப்படித்தான் காரணம் வரும் என்று எதிர்பார்த்துப் போனேன். அதுவும் வந்தது. ஆனால் குன்னத்துக்குப் பக்கத்தில் புஷ்பவல்லி என்று ஒரு பெண், பதின்மூன்று வயது. பருத்தி எடுக்கப் போய் ஒரு மாதம் வராமல் இருந்தவள் அப்படியே நின்றுவிட்டாள். பருத்தி முடிந்த பிறகு ஏன் வரவில்லை என்று கேட்டேன். நீங்கள் சொன்னபடி வாயை மூடிக்கொண்டு இருந்தேன். எவ்வளவு கஷ்டம் தெரியுமா! கடைசியில் அவளே, "டீச்சர் வந்து கூப்புடுவாங்கன்னு இருந்தேங்க்கா. வரவே இல்ல" என்றாள்.

எங்கள் டீச்சர் அம்பிகா என் பக்கத்திலேயே நின்றிருந்தாள். "மூணு தரம் புள்ளைங்ககிட்ட சொல்லி அனுப்பிச்சேனே" என்றாள். அதற்குப் புஷ்பவல்லியின் அம்மா செல்வம்மாள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: "சொல்லி அனுப்புறதும் கூப்புடுறதும் ஒண்ணாம்மா? வூட்டு வாசல்ல வந்து நின்னு, வா புள்ளன்னு கூப்புட்டா அதுக்கு ஒரு மருவாதி. போற போக்குல எவன்கிட்டயோ சொல்லி அனுப்பிச்சா, வந்தா வா வராட்டி போன்னுதானே அர்த்தம்?"

அதற்குப் பிறகு வீட்டுக்கு வீடு இதே பதில்தான். எழுபத்தொரு பேரில் நாற்பத்து நான்கு பேர், யாரும் வந்து கூப்பிடவில்லை என்றார்கள். பன்னிரண்டு ஊரிலும் எல்லாரிடமும் சொல்லித்தான் அனுப்பியிருக்கிறோம். நாங்களும் தபாலில் பத்திரிகை அனுப்பியிருக்கிறோம், அத்தான்.

அதனால் திட்டத்தை மாற்றி எழுதுகிறேன். பிள்ளை எவ்வளவு மார்க் வாங்கியது என்பதோடு, பிள்ளை நின்ற பத்து நாளுக்குள் டீச்சர் அந்த வீட்டுக்கு நேரில் போனாளா என்பதையும் அளக்கப் போகிறோம். எழுபத்தொரு வீட்டுக்கும் மறுபடி ஒருமுறை போய்க் கூப்பிட்டு, எத்தனை பேர் வருகிறார்கள் என்று பார்க்கப் போகிறேன்.

உங்கள் படிவத்தில் ஒன்று மிச்சம் இருக்கிறது. நீங்கள் ஏன் நின்றீர்கள் என்று எழுதிவிட்டீர்கள். திரும்ப வர என்ன வேண்டும்?

புவனா


பெரம்பலூர்
20.11.1998

அத்தானுக்கு,

சுகமாக இருக்கிறீர்களா? மூன்று மாதமாக ஒரு கடிதமும் இல்லை. தபால்காரர் என்னைக் கண்டாலே "இல்லம்மா" என்று தலையை ஆட்டிக்கொண்டே போகிறார்.

கூப்பிட்ட கணக்கு வந்துவிட்டது. முதலில் பட்டியல் போட்டபோது நின்று ஆறு மாதம் ஆகாமல் இருந்த முப்பத்தெட்டுப் பேரில் முப்பத்தொரு பேர் திரும்பி வந்துவிட்டார்கள். புஷ்பவல்லியும் வந்துவிட்டாள். ஆறு மாதத்துக்கு மேல், ஒரு வருடத்துக்குள் இருந்த இருபது பேரில் ஒன்பது பேர் வந்தார்கள். ஒரு வருடம் தாண்டிய பதின்மூன்று பேரில் ஒருவர்கூட வரவில்லை. "இனிமே என்னத்துக்குங்க்கா" என்கிறார்கள். அந்தப் பூஜ்யத்தை எழுதிவிட்டு வெகுநேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

தை மாதம் துறையூரிலிருந்து யாரோ வீட்டுக்கு வருகிறார்களாம். அம்மா எனக்கு ஒரு பச்சைப் புடவை எடுத்து வைத்திருக்கிறாள். எனக்குப் பச்சை பிடிக்காது என்று உங்களுக்குத் தெரியும்.

புவனா


புனே
7.12.1998

அன்புள்ள புவனா,

உடம்புக்கு ஒன்றும் இல்லை. எழுதாததற்கு மன்னித்துவிடு. கடைசிக் கேள்விக்குப் பதில் எழுத உட்கார்ந்து உட்கார்ந்து எழுந்துவிட்டேன்.

பூஜ்யம் என்று எழுதி அனுப்பிவிடாதே. பதின்மூன்று பேர் ரொம்பக் குறைவு, அதை வைத்து முடிவு சொல்லக் கூடாது. அவர்களிடம் எத்தனை தடவை போனாய்? ஒரே தடவைதானே? நின்று சில மாதம் ஆனவளுக்கும் இரண்டு வருடம் ஆனவளுக்கும் ஒரே மாதிரி ஒரு தடவை கூப்பிட்டால் எப்படி? ரொம்ப நாள் ஆனவர்களுக்கு முதல் தடவை கூப்பிடுவது காதில் விழாது. அவர்கள் வீட்டுக்கு இன்னும் இரண்டு தடவையாவது போய்விட்டு எண்ணைப் போடு.

இந்தத் திட்டத்தை நான் பார்த்த எத்தனையோ திட்டங்களோடு சேர்த்துச் சொல்கிறேன், நீ நன்றாகச் செய்திருக்கிறாய். ராத்திரி தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ளாதே.

திருமுருகன்


வாலிகண்டபுரம்
5.1.1999

அத்தானுக்கு,

எல்லாரும் சுகம். இந்தத் தடவை எல்லாரும் என்றால் அத்தையையும் சேர்த்துத்தான். எப்படி என்று சொல்கிறேன்.

உங்கள் கடிதத்தில் துறையூர்க்காரர்களைப் பற்றி ஒரு வரி இல்லை. தேடித் தேடிப் பார்த்தேன். அன்று முழுக்க அழுதேன், அதை மறைத்து என்ன ஆகப்போகிறது? மறுநாள் கோபம் வந்தது. ஊரிலுள்ள எழுபத்தொரு வீட்டுப் படி ஏறியவளுக்கு அத்தை வீட்டுப் படி ஏற முடியாதா என்று, தட்டில் வெற்றிலை பாக்கு பழம் வைத்துத் துணி சுற்றி எடுத்துக்கொண்டு ஜெயங்கொண்டம் பஸ் ஏறிவிட்டேன். வீட்டில் சொல்லவில்லை.

அத்தை உட்காரச் சொன்னது. காப்பி கொடுத்தது. தட்டைத் தொடவில்லை. "நீ வந்தது சந்தோசம்டி. ஆனா கூப்புட வேண்டியவன் உங்கப்பன்" என்று சொல்லிவிட்டது. தட்டோடு திரும்பி வந்தேன்.

அப்பாவிடம் மறைக்காமல் சொன்னேன். சத்தம் போடுவார் என்று நினைத்தேன். போடவில்லை. துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டு, "நான் போயி, அக்கா கதவச் சாத்திட்டா என்ன பண்றது?" என்றார். ஏழு வருடமாக அவரைத் தடுத்தது வீம்பு என்றுதான் நான் நினைத்துக்கொண்டிருந்தேன். பயம், அத்தான். அவ்வளவுதான்.

நேற்று முன்தினம், ஞாயிற்றுக்கிழமை, இரண்டு பேரும் போனோம். அத்தை வீட்டு வாசலுக்கு வந்ததும் அப்பா தட்டைப் பிடித்துக்கொண்டு வேலிப் படல் பக்கத்திலேயே நின்றுவிட்டார். அத்தை உள்ளேயிருந்து பார்த்துவிட்டு, "என்னடா முத்து, அங்கயே நிக்கற? வூடு மறந்து போச்சா?" என்றது. அப்பா "வாக்கா, பொங்கலுக்கு நம்ம வூட்டுக்கு" என்றார். அத்தை உடனே ஒரு பையில் நாலு புடவையைத் திணித்துக்கொண்டு எங்களோடு கிளம்பிவிட்டது. பஸ்ஸிலேயே அந்தத் தபால் சண்டையை ஆரம்பித்துவிட்டார்கள். இந்தக் கடிதத்தை எழுதும்போதும் கூடத்தில் சண்டை நடந்துகொண்டிருக்கிறது. கேட்கச் சுகமாக இருக்கிறது.

அத்தை இன்னொன்றும் சொன்னது. வருடா வருடம் நீங்கள் ஊருக்கு வருகிறீர்களாம். விருத்தாசலம் வழியாக வந்தால் கிட்ட. நீங்கள் பெரம்பலூர் சுற்றித்தான் வருவீர்களாம். "பஸ் ஸ்டாண்டுல ரெண்டு மணி நேரம் சும்மா உக்காந்துட்டு வரான்டி. கேட்டா பஸ் கெடைக்கலங்கறான்." எங்கள் ஆபீஸ் அந்த பஸ் ஸ்டாண்டுக்கு எதிர்த் தெருவில்தான் இருக்கிறது. மூன்று வருடம் நான் அந்த வழியாகத்தான் நடந்து போயிருக்கிறேன். நீங்கள் என்னைப் பார்த்தீர்களா?

டெல்லிக்காரர்கள் நம் திட்டத்தை ஒத்துக்கொண்டார்கள். பள்ளிகள் இன்னும் இரண்டு வருடத்துக்கு நடக்கும். துறையூர்க்காரர்கள் வருகிற 24ஆம் தேதி வருகிறார்கள். அம்மாவையும் அப்பாவையும் அதுவரை என்னிடம் எந்த முடிவும் கேட்க வேண்டாம் என்று சொல்லி வைத்திருக்கிறேன்.

உங்கள் அம்மாவைக் கூப்பிட்டாகிவிட்டது, வந்தும் ஆகிவிட்டது. நீங்கள் சொன்ன காரணம் இனிமேல் இல்லை. இதற்குப் பிறகும் வராவிட்டால் அது அப்பா தபாலில் போட்ட பத்திரிகையால் அல்ல, உங்களால்தான். அதையும் தெரிந்துகொண்டு விடுகிறேன்.

புவனா


குண்டக்கல் ரயில் நிலையம்
22.1.1999

என் புவனாவுக்கு,

நான் சுகம் என்று எழுதினால் பொய். லீவு கிடைக்க நேற்று வரை இழுத்தடித்துவிட்டார்கள். ரயில் இங்கே கொஞ்ச நேரம் நிற்கும் என்கிறார்கள். இதை இந்த ஸ்டேஷன் பெட்டியில்தான் போடப் போகிறேன். இது உன் கைக்கு வரும்போது நான் வந்து இரண்டு நாளாகியிருக்கும். நேரில் எனக்கு வாய் வராது, உனக்குத் தெரியும். அதனால் எழுதி அனுப்புகிறேன்.

பார்த்தேன். மூன்று தடவை பார்த்தேன். ஒரு தடவை நீ ஒரு கட்டு பதிவேட்டைச் சுமந்துகொண்டு யாரையோ திட்டிக்கொண்டே போனாய். எழுந்து வந்திருக்கலாம். ஐம்பது அடி தூரம்கூட இல்லை. மாமா வந்து அம்மாவைக் கூப்பிடட்டும் என்று உட்கார்ந்திருந்தேன்.

உன் கடிதத்தை இந்த ரயிலில் மறுபடி மறுபடி படித்ததில்தான் ஒன்று உறைத்தது. யாரும் என்னைக் கூப்பிடவில்லை, என் அம்மாவைக் கூப்பிடவில்லை என்று ஏழு வருடம் கணக்கு வைத்திருந்தேன். நீ எந்தத் தபாலையும் அனுப்பவில்லை. நீ யாரையும் அவமானப்படுத்தவில்லை. படித்துக்கொண்டிருந்தவளைப் பாதியில் விட்டுவிட்டு வந்தவன் நான். இந்த ஏழு வருடத்தில் ஒரு தடவையாவது உன்னிடம் வந்து, "புவனா, என்னோடு வருகிறாயா" என்று நான் கூப்பிட்டேனா? உன் பட்டியலில் நான் நின்றுபோன பிள்ளை இல்லை. வீட்டுக்கு வராத டீச்சர் நான்தான்.

மணி அடித்துவிட்டார்கள். நாளை சாயந்திரம் வாலிகண்டபுரம் வந்துவிடுவேன். உங்கள் வாசலில் நின்று, எல்லார் முன்னாலும், உன் பெயரைச் சொல்லிக் கூப்பிடுவேன். முதல் தடவை நீ வராவிட்டால் மறுநாளும் வந்து கூப்பிடுவேன்.

திருமுருகன்